பலகையும் பஞ்சமக் குழந்தையும்: உளவியல் நம் ஊருக்கு வந்த வழி



உளவியல் எப்போது அறிவியலானது என்று கேட்டால், அதைப் பாடமாகப் படிக்கும் மாணவர்கள் ஒரே மூச்சில் விடை சொல்வார்கள்: 1879, லைப்சிக் நகரம், வில்லெம் வுண்ட். விடை சரிதான். தேர்வில் இரண்டு மதிப்பெண் உறுதி. ஆனால் இந்த நினைவுப் பேருரைக்கு என்னை அழைத்த தோழர்கள் கேட்டது வேறொன்று. லைப்சிக்கில் பிறந்த அந்த அறிவியல் மயிலாப்பூருக்கும் அடையாற்றுக்கும் சைதாப்பேட்டைக்கும் எந்த வழியாக வந்தது, வந்தபோது நம் பிள்ளைகளை என்னவாகப் பார்த்தது என்று கேட்டார்கள். நான் படித்த பாடநூல்களில் இதற்கு ஒரு பத்திகூட இருந்ததில்லை. தேடிப் பார்த்தால் சரக்கு இருக்கிறது.

முதலில் லைப்சிக்கையே கொஞ்சம் நின்று பார்ப்போம். வுண்ட் அடிப்படையில் உடலியங்கியல் அறிஞர். அவருடைய ஆய்வுக்கூடத்தில் மணி ஒலிக்கும்; ஒலியைக் கேட்டவர் ஒரு விசையை அழுத்துவார்; இடையில் கழிந்த நேரத்தைக் கருவி கணக்கிடும். மனம் என்பது ஆன்மாவைப் பற்றிய பேச்சு என்றிருந்த காலத்தில், மனத்தின் செயலுக்கும் நேரம் பிடிக்கிறது, அந்த நேரத்தை அளக்க முடியும் என்று காட்டியது சிறிய காரியமல்ல. தத்துவத்தின் தாழ்வாரத்தில் குடியிருந்த ஒரு துறை தனி வீடு கட்டிக்கொண்டது அப்படித்தான்.

அங்கே நாம் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. வுண்டின் கூடத்தில் சோதிப்பவரும் சோதிக்கப்படுபவரும் ஒரே கூட்டத்தினர். இன்று கருவியைப் பிடித்த மாணவர் நாளை நாற்காலியில் உட்கார்ந்து சோதிக்கப்படுவார். கட்டுரையில் அவர் பெயரும் வரும். சோதிக்கப்படுபவர் தாழ்ந்தவர் என்ற எண்ணம் அந்த ஏற்பாட்டில் இல்லை. எல்லா மனித மனங்களுக்கும் பொதுவான விதி என்ன என்பதே கேள்வி.

லண்டனில் வேறொரு கேள்வி எழுந்தது. டார்வினின் உறவினரான பிரான்சிஸ் கால்டன் 1869-இல் மேதைமை பரம்பரையாக வருகிறது என்று நூல் எழுதினார். 1883-இல் நல்ல இனத்தைப் பெருக்குவது, மட்டமான இனத்தைக் குறைப்பது என்ற தம் திட்டத்துக்கு யூஜெனிக்ஸ் என்று பெயர் வைத்தார். 1884-இல் லண்டன் கண்காட்சி ஒன்றில் அளவைக்கூடம் திறந்தார். மூன்று பென்ஸ் காசு கொடுத்தால் உயரம், பிடியின் வலிமை, பார்வைக் கூர்மை எல்லாம் அளந்து சீட்டு கொடுப்பார்கள். கால்டனுக்குப் பொதுவிதி தேவைப்படவில்லை. யார் மேலே, யார் கீழே என்ற வரிசை தேவைப்பட்டது.

உளவியலின் வரலாற்றில் இந்த இரண்டு ஓட்டங்களும் கலந்தே வந்தன. நம் நாட்டுக்கு எது முன்னால் வந்து சேர்ந்தது என்று ஊகிக்க அதிகம் யோசிக்கவேண்டியதில்லை.

எழும்பூர் அருங்காட்சியகத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 1885 முதல் 1908 வரை அதன் கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். அளவுகோலும் மண்டையளவு இடுக்கியுமாகச் சென்னை மாகாணம் முழுக்கச் சுற்றியவர். மூக்கின் அகலம், தலையின் நீளம், தோலின் நிறம் என்று சாதி சாதியாக அளந்து, கே. ரங்காச்சாரியின் துணையோடு 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்டார். இன்றும் நம்மில் பலர் நம் சாதியைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று அதைப் புரட்டுகிறோம். வடக்கே ரிஸ்லி, மூக்கு அகலமாக ஆக ஒரு சாதியின் சமூகத் தகுதி இறங்குகிறது என்று விதியே எழுதிவிட்டார். இதெல்லாம் உளவியல் அல்ல, மானுடவியல் என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் சாதியை உடலில் தேடலாம், தேடினால் எண்ணாகக் கிடைக்கும் என்ற நம்பிக்கை இங்கேதான் பழகியது. உடலுக்குப் பிறகு அந்த நம்பிக்கை மூளைக்கு நகர்ந்தது.

அந்த நாட்களில் நம் மாகாணத்துக்கு உண்மையான உளவியலாளர் ஒருவரே வந்தார். கேம்பிரிட்ஜில் சோதனை உளவியலைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவரான டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ். 1898-இல் டோரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போன குழுவில் இருந்தவர், 1901-02-இல் நீலகிரிக்கு வந்து தோடர்களிடையே தங்கினார். தோடர்களின் புலன்களைப் பற்றிய அவருடைய கட்டுரை 1905-இல் பிரிட்டிஷ் உளவியல் இதழில் வந்தது. ஊராளி, சோளகர் மக்களின் பார்வைத்திறன் பற்றி அவர் எழுதியது நம் எழும்பூர் அருங்காட்சியக வெளியீட்டிலேயே வந்தது. லைப்சிக் கூடம் தொடங்கி கால் நூற்றாண்டு முடிவதற்குள் நீலகிரி மலையில் நிறம் காட்டியும் கோடு காட்டியும் உளவியல் சோதனை நடந்துவிட்டது. இந்திய உளவியலின் பிறப்பைக் கல்கத்தாவில் 1916-இல் தொடங்கிச் சொல்லும் வழக்கத்தை இதற்காகவாவது கொஞ்சம் திருத்தவேண்டும்.

ரிவர்ஸைத் தர்ஸ்டனோடு ஒரே மூட்டையில் கட்டமாட்டேன். தொல்குடிகளுக்குக் கழுகுக் கண்ணும் நாய் மூக்கும் இருக்கும், புலன் வளர்ந்த அளவு புத்தி வளர்ந்திருக்காது என்று ஐரோப்பாவில் ஒரு நம்பிக்கை இருந்தது. தீவுகளில் அளந்து பார்த்த ரிவர்ஸ், புலன் கூர்மையில் அவர்களுக்கும் ஐரோப்பியருக்கும் அப்படியொன்றும் பெரிய இடைவெளி இல்லை என்றார். அளவை, முன்முடிவை உடைக்கவும் உதவும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

இனி அடையாறு. பிரம்மஞான சபை பம்பாயிலிருந்து அடையாற்றுக்கு இடம் மாறியது 1882-இல். அதன் தலைவர் கர்னல் ஆல்காட் 1894-இல் ஊரூரில் பஞ்சமர் பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளி தொடங்கினார். பிறகு கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் என்று பள்ளிகள் பெருகின. அயோத்திதாசப் பண்டிதருக்கும் ஆல்காட்டுக்கும் இருந்த உறவு நம் அரங்குக்குப் புதிதல்ல. 1898-இல் பண்டிதர் கொழும்பு சென்று பௌத்தம் தழுவியதும், இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் எழுந்ததும் அந்த ஆண்டுகளில்தான். நான் சொல்ல வருவது அந்தப் பள்ளிகளின் பாடமுறையைப் பற்றி. அமெரிக்காவிலிருந்து வந்த சாரா பாமர், கோர்ட்ரைட் ஆகிய ஆசிரியைகள் அங்கே கிண்டர்கார்டன் முறையைப் புகுத்தினார்கள். ஜெர்மானியரான ஃப்ரோபல் வகுத்த முறை அது. மரக்கட்டைகள், உருண்டைகள், வடிவங்கள், பாட்டு. குழந்தை கையால் தொட்டு, அடுக்கி, கலைத்து அறிவு பெறும் என்பது அதன் அடிப்படை. நூறாண்டுகளுக்கு முன்பே ஊரூர்ச் சேரிப் பிள்ளைகளுக்குக் கிடைத்த இந்த முறைக்கு இன்று நகரத்துத் தனியார் பள்ளிகள் வாங்கும் கட்டணம் உங்களுக்குத் தெரியும்.

ஆல்காட் 1907-இல் இறந்தார். அவருக்குப் பின் தலைமைக்கு வந்த அன்னி பெசன்ட் அம்மையார் 1909-இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒடுக்கப்பட்ட வகுப்புப் பிள்ளைகளின் உடல் தலைமுறை தலைமுறையாக உண்ட உணவாலும் மதுவாலும் ஆனது, துர்நாற்றம் வீசுவது. மற்றப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் ஒரே வகுப்பறையில் உட்காரத் தகுதி பெற அவ்வுடல்களுக்கு இன்னும் சில தலைமுறைத் தூய வாழ்வு வேண்டும் என்பது அதன் சாரம். அண்ணல் அம்பேத்கர் 1945-இல் வெளியிட்ட, காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதோருக்குச் செய்தது என்ன என்ற நூலில் இதை விரிவாக எடுத்துக்காட்டியிருக்கிறார். கிண்டர்கார்டன் கட்டைகள் இருந்த அதே அடையாற்றிலிருந்துதான் இந்தக் கருத்தும் வந்தது. பெசன்ட் அம்மையார் அறிவியல் பேசவில்லை, ஆன்மிகமும் சுகாதாரமும் பேசினார். ஆனாலும் அந்த வாதத்தின் எலும்புக்கூடு கால்டனுடையது: குழந்தையின் குறை அதன் பரம்பரையில் இருக்கிறது, பள்ளியின் கதவில் இல்லை.

இதே காலத்தில் சைதாப்பேட்டை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் உளவியல் பாடமாகக் கற்பிக்கப்பட்டது. ஆசிரியருக்குக் குழந்தையின் மனம் தெரியவேண்டும் என்ற காரணத்துக்காக உலகமெங்கும் உளவியல் நுழைந்த வாசல் ஆசிரியர் பயிற்சிதான். 1910 வாக்கில் பயிற்சிக்காக அங்கே வந்த ஓர் இளம் விரிவுரையாளர், உடன் பயின்றோருக்கு எடுத்த வகுப்புகள் 1912-இல் உளவியலின் அடிப்படைகள் என்ற பொருளில் ஆங்கில நூலாக வந்தன. அவர் பெயர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். பின்னாளில் குடியரசுத் தலைவர். மயிலாப்பூரில் அவர் வாழ்ந்த எட்வர்ட் எலியட்ஸ் சாலைதான் இன்று டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலை. ஆண்டுதோறும் செப்டம்பர் 5 அன்று அவரை ஆசிரியராக நினைவுகூர்கிறோம். உளவியல் நூலாசிரியராக நினைப்பவர் யாருமில்லை. அந்த உளவியல் தத்துவத்தின் தாழ்வாரத்திலேயே நின்றது. மணியும் இல்லை, விசையும் இல்லை. மனத்தைப் பற்றி உட்கார்ந்து சிந்திப்பதே முறை.

சிந்தனை போதாது, அளந்து பார்க்கவேண்டும் என்று ஒருவர் வந்தார். அளப்பதற்கு அவர் தேர்ந்தெடுத்த பொருளைப் பற்றித்தான் இந்த உரையின் பெரும்பகுதி.

1921-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பயன்பாட்டு உளவியல் இதழில் டி.எஸ். ஹெரிக் என்பவரின் கட்டுரை ஒன்று வெளிவந்தது. ஹெரிக் தென்னிந்தியாவில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரி. கட்டுரையின் தலைப்பைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: தென்னிந்தியாவின் பிராமணக் குழந்தைகளையும் பஞ்சமக் குழந்தைகளையும் ஒருவரோடொருவரும் அமெரிக்கக் குழந்தைகளோடும் கோடார்ட் வடிவப் பலகை மூலம் ஒப்பிடல். தலைப்பே முழுக் கதையையும் சொல்லிவிடுகிறது. நவீன உளவியல் சோதனை தென்னிந்தியப் பள்ளிக் குழந்தைகளிடம் வந்த தொடக்க நாட்களிலேயே அது கேட்ட கேள்வி, குழந்தை எப்படிக் கற்கிறது என்பதல்ல. பார்ப்பனப் பிள்ளையா, பறைப்பிள்ளையா, யாருக்கு மூளை அதிகம் என்பது.

அந்தப் பலகை எப்படிப்பட்டது? தட்டையான மரப்பலகை. அதில் பத்துக் குழிகள்: வட்டம், சதுரம், முக்கோணம், நட்சத்திரம், சிலுவை, அரைவட்டம், அறுகோணம் என்று. அதே வடிவில் பத்து மரத்துண்டுகள். குழந்தை ஒவ்வொன்றையும் அதனதன் குழியில் எத்தனை விரைவாக முடியுமோ அத்தனை விரைவாகப் பொருத்தவேண்டும். மூன்று முறை வாய்ப்பு. சோதிப்பவர் கையில் கடிகாரம். குறைந்த நேரமே கணக்கு. மொழி தேவையில்லை, எழுத்து தேவையில்லை. ஆகவே எல்லாப் பண்பாட்டுக்கும் இது பொது என்றார்கள். 

இந்தப் பலகைக்கு ஒரு முன்கதை உண்டு. அதைச் செய்தவர் எத்துவார் செகுயின் என்ற பிரெஞ்சுக்காரர். 1840-களில் பாரிஸில், கற்பிக்கவே முடியாது என்று கைவிடப்பட்ட குழந்தைகளுக்குக் கற்பித்தவர். கையும் கண்ணும் பழகினால் மனமும் பழகும் என்று நம்பி, பழக்குவதற்காகவே இத்தகைய பலகைகளைப் பயன்படுத்தினார். பிறகு அவர் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே நியூ ஜெர்சியில் வைன்லாந்து பயிற்சிப் பள்ளியின் ஆய்வுக்கூடத்தை நடத்திய ஹென்றி கோடார்ட் அந்தப் பலகைக்கு ஒரு கடிகாரத்தைச் சேர்த்தார். கற்பிக்கும் கருவி தரம்பிரிக்கும் கருவியானது. 

பினே கதையும் இதுதான். 1905-இல் ஆல்ஃபிரட் பினே பாரிஸ் பள்ளிகளுக்காகத் தம் சோதனையை அமைத்தது, தனி உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறிந்து உதவுவதற்காக. ஒரு குழந்தையின் அறிவு மாறாத அளவு கொண்டது என்ற கருத்தை அவர் வெளிப்படையாகவே எதிர்த்தார். அவர் சோதனையை ஆங்கிலத்தில் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தவரும் கோடார்ட்தான். கொண்டுவந்தவர், அறிவு பிறப்பிலேயே தீர்மானமானது, ஒரே பரம்பரைக் கூறால் கடத்தப்படுவது என்று நம்பியவர். 1912-இல் காலிகாக் குடும்பம் என்ற பெயரில் ஒரு பரம்பரையே மந்தபுத்தியால் கெட்டது என்று நூல் எழுதியவர். எல்லிஸ் தீவில் கப்பலிலிருந்து இறங்கிய ஏழைக் குடியேறிகளுக்குச் சோதனை வைத்து மந்தபுத்தி முத்திரை குத்தியவர். இந்தக் கோடார்டின் பலகைதான் நம் பிள்ளைகள் முன்னால் வைக்கப்பட்டது.

யார் எத்தனை நொடியில் முடித்தார்கள் என்று ஹெரிக்கின் அட்டவணையிலிருந்து நான் இங்கே வாசிக்கப்போவதில்லை. அதை வாசித்து, இவர் முந்தினார் அவர் பிந்தினார் என்று வாதாடத் தொடங்கினால் அந்தப் பந்தயத்தின் விதியை நாம் ஒப்புக்கொண்டதாகிவிடும். பந்தயத்தைப் பற்றியே கேட்போம்.

ஒரு பக்கம், தலைமுறைகளாக எழுத்தோடு புழங்கிய வீட்டுப் பிள்ளை. இன்னொரு பக்கம், தெருவில் நடக்கவும் கிணற்றில் இறைக்கவும் தடை இருந்த ஊர்களின் பிள்ளை. அறுகோணத்தை யார் எங்கே பார்த்திருப்பார்கள்? எதிரே நாற்காலியில் கடிகாரத்தோடு வெள்ளைக்காரத் துரை. விரைவு நல்லது என்பது யாருடைய நீதி? வயலில் நாற்று நடும்போது விரைவாக நட்டு வரிசை கோணினால் அடிதான் கிடைக்கும். வயதைக் கொண்டு ஒப்பிடுகிறார்கள்; அந்தக் காலத்துச் சேரியில் எத்தனை பிள்ளைகளுக்குப் பிறந்த தேதி பதிவில் இருந்திருக்கும்? எல்லாவற்றுக்கும் மேலாக, இது தொட்டு எடுக்கும் சோதனை. தொடாதே, அது தீட்டு, தள்ளி நில் என்று நாள்தோறும் சொல்லி வளர்க்கப்பட்ட ஒரு குழந்தையிடம், அந்நியர் ஒருவரின் பொருளை எவ்வளவு சட்டென்று தொடுகிறாய் என்று கேட்டால், அந்தக் கை ஒரு நொடி தயங்காதா? அந்த ஒரு நொடியைக் கடிகாரம் மூளையின் கணக்கில் எழுதிவிடும். 

ஹெரிக் கெட்ட மனிதர் என்று நான் சொல்லவில்லை. நம் மக்களுக்குப் பள்ளிக்கூடம் கட்டியவர்களில் மிஷனரிகளே முன்னணியில் இருந்தார்கள். அவர் கையில் இருந்த அறிவியல் அவ்வளவுதான். சமூகத்தின் வரிசையை இயற்கையின் வரிசையாகக் கொண்டுதான் அது கேள்வியையே தொடங்கியது.

அந்த 1921-ஆம் ஆண்டில் சென்னை எப்படி இருந்தது என்றும் பாருங்கள். நீதிக்கட்சி அமைச்சரவை முதல் வகுப்புவாரி ஆணையைப் பிறப்பித்தது அந்த ஆண்டு. பக்கிங்காம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தமும் புளியந்தோப்பில் நம் மக்கள் குடிசைகள் எரிந்ததும் அந்த ஆண்டு. சட்டமன்றத்தில் நம் பிரதிநிதியாக உட்கார்ந்திருந்தவர் எம்.சி. ராஜா. அவர் தொழில் என்ன? ஆசிரியர். இராயப்பேட்டை வெஸ்லி கல்விநிலையத்தில் பாடம் நடத்தியவர், பாடநூல்கள் எழுதியவர். பஞ்சமர், பறையர் என்ற சொற்களை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கி ஆதிதிராவிடர் என்று வழங்கவேண்டும் என்று அவர் போராடி, 1922-இல் அரசாணை வந்தது. அமெரிக்க இதழின் தலைப்பில் பஞ்சமர் என்று அச்சேறிய சொல் அடுத்த ஆண்டே சென்னை அரசின் ஏட்டிலிருந்து விடைபெற்றது. உளவியல் இதழ்களில் இதற்கு யாரும் பின்குறிப்பு போட்டதாக எனக்குத் தெரியவில்லை.

தேர்வும் தரவரிசையும் யார் கையில் என்ற கேள்வி அதற்கும் முன்பே நம்மவர்களுக்குப் புரிந்திருந்தது. 1890-களில் ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்தவேண்டும் என்று காங்கிரஸ் கேட்டபோது, இரட்டைமலை சீனிவாசனின் பறையர் மகாஜன சபை அதை எதிர்த்து 3,412 பேர் கையெழுத்திட்ட மனுவைப் பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. தேச விரோதம் என்று அன்று ஏசினார்கள். தேர்வு நடுநிலையானது, அதில் வெல்பவர் ஆளத் தகுதியானவர் என்ற கதையை அந்தக் கையெழுத்துக்காரர்கள் நம்பவில்லை, அவ்வளவுதான். உளவியலில் இந்த ஐயம் எழ இன்னும் முப்பது, நாற்பது ஆண்டுகள் பிடித்தன.

அந்த ஐயம் எழுந்த விதத்தைச் சொல்லாமல் விட்டால் உளவியலுக்கு அநீதி செய்தவனாவேன். முதல் உலகப் போரின்போது அமெரிக்க இராணுவம் ஏறத்தாழ 17 லட்சம் பேருக்கு நுண்ணறிவுச் சோதனை வைத்தது. அந்த எண்களை வைத்துக் கார்ல் பிரிகம் 1923-இல், வடக்கு ஐரோப்பியரே அறிவில் மேலானவர் என்று எழுதினார். இத்தகைய வாதங்கள் உலவிய சூழலில் 1924-இல் குடியேற்றத் தடைச் சட்டம் வந்தது. ஆனால் 1928-இல் கோடார்டே தம் பழைய முடிவுகள் பலவற்றிலிருந்து பின்வாங்கினார். 1930-இல் பிரிகம் தம் நூலின் அடிப்படையே தவறு என்று அச்சில் ஒப்புக்கொண்டார். 1935-இல் ஓட்டோ கிளைன்பர்க் எளிமையான ஒன்றைச் செய்தார். தெற்கு மாநிலங்களிலிருந்து நியூயார்க்குக்கு வந்த கறுப்பினப் பிள்ளைகளை, வந்து எத்தனை ஆண்டாயிற்று என்று பிரித்துப் பார்த்தார். நகரப் பள்ளியில் ஆண்டு கூடக் கூட மதிப்பெண் கூடியிருந்தது. பரம்பரை ஆண்டுக்கு ஆண்டு மாறுமா? பள்ளிதான் மாறியிருக்கிறது. பிறகு கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியலாளர் தம்பதி, கறுப்புப் பொம்மையையும் வெள்ளைப் பொம்மையையும் குழந்தைகள் முன் வைத்து எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். கறுப்பினக் குழந்தைகளில் பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்ற 1954-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் அந்த ஆய்வுக்கும் இடமிருந்தது. அங்கே ஒடுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளே உளவியலாளராகி, பலகையைத் திருப்பி வைத்தார்கள். என் கணக்கில் உளவியல் அறிவியலாக முதிர்ந்தது 1879-இல் மட்டுமல்ல, தன் எண்களைத் தானே சந்தேகிக்கத் தொடங்கிய இந்த ஆண்டுகளிலும்தான்.

இந்தியாவில் நடந்தது என்ன? கல்கத்தாவில் 1916-இல் துறை தொடங்கியது, என்.என். சென்குப்தா ஹார்வர்டில் வுண்டின் மாணவர் மூன்ஸ்டர்பெர்க்கிடம் பயின்று வந்தவர். மைசூரில் 1924-இல் எம்.வி. கோபாலசாமி, லண்டனில் ஸ்பியர்மனிடம் பயின்றவர், நுண்ணறிவு என்பது ஒற்றைப் பொதுத்திறன் என்ற கொள்கையின் ஊற்றிலிருந்தே வந்தவர். வானொலி நிலையம் நடத்தி அதற்கு ஆகாசவாணி என்று பெயர் வைத்தவரும் அவர்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943-இல் ஜி.டி. போவாஸ் துறையைத் தொடங்கினார். லாகூரில் ஹெர்பர்ட் ரைஸ் 1920-களில் பினே சோதனையை இந்துஸ்தானிக்கு மாற்றினார். பம்பாய்ப் பகுதியில் வி.வி. காமத் மராத்திக்கும் கன்னடத்துக்கும் மாற்றி 1940-இல் நூலாக்கினார். சோதனைகள் மொழி மாறி வந்தன. கிளைன்பர்க் கேட்ட கேள்வி அதே வேகத்தில் வரவில்லை. அலகாபாத்தில் துர்கானந்த் சின்ஹா போன்றோர் வறுமை, இழப்பு பற்றி ஆய்வு செய்தது விடுதலைக்கு வெகு பின்னால். அங்கேயும் பல ஆய்வுகள் இழந்தவரையே அளந்தன. பறித்தவரின் மனத்தை அளக்க யாரும் அளவுகோல் செய்யவில்லை.

உளவியல் பேசாததை அரசியல் பேசியது. 1950-இல் சென்னை உயர்நீதிமன்றம் வகுப்புவாரி ஆணையைச் செல்லாது என்றபோதும், மறு ஆண்டு அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டபோதும் விவாதத்தின் நடுவில் நின்ற சொல் தகுதி. 1953-இல் ராஜாஜி, தொடக்கப் பள்ளியை மூன்று மணி நேரமாகச் சுருக்கி, மிச்ச நேரம் தகப்பன் தொழிலைப் பிள்ளை பழகட்டும் என்றார். குலக்கல்வி என்று மக்கள் பெயர் வைத்தார்கள். ராஜாஜிக்கு இது கைத்தொழிலின் மேன்மை; கால்டனைக் கேட்டிருந்தால், பரம்பரைத் திறமைக்கு ஏற்ற ஏற்பாடு என்று மகிழ்ந்திருப்பார். 1954-இல் காமராசர் அதை நீக்கினார். இருவரும் தியாகராய நகர்வாசிகள். பஸ்லுல்லா சாலைக்கும் திருமலைப்பிள்ளை சாலைக்கும் நடந்தே போய்விடலாம். தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் மூளை பற்றிய மிகப் பெரிய விவாதத்தின் இரு முனைகளும் அந்தத் தூரத்துக்குள் இருந்தன.

அளவையைக் கையிலெடுத்துத் திருப்பி அடித்தவர் அண்ணல் அம்பேத்கர். சாதி ஒழிப்பு நூலிலேயே, 1936-இல், சாதி இரத்தத் தூய்மையையும் திறனையும் காக்கிறது என்ற யூஜெனிக்ஸ் வாதத்தை எடுத்துவைத்து உடைத்தார். சாதி செங்கல் சுவரல்ல, மனத்தின் நிலை என்று அவர் சொன்ன இடம் உளவியல் மாணவர் ஒவ்வொருவரும் நின்று படிக்கவேண்டிய இடம். 1948-இல் தீண்டப்படாதோர் யார் என்று ஆராய்ந்தபோது, குர்யே திரட்டிய மூக்களவுகளையே வைத்து, ஒரே பகுதியில் வாழும் பிராமணரும் தீண்டப்படாதோரும் ஒரே இனத்தவர் என்று காட்டினார். அளவைகளைத் தூக்கி எறியாமல் அவற்றையே சாட்சிக்கூண்டில் ஏற்றினார். 

2006-இல் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு பொருளியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்பு மாணவர்கள். தாக்கூர், பிராமணர் முதலான மேல்சாதிச் சிறுவர் பாதி, சமார் சிறுவர் பாதி. ஆறு ஆறு பேராக உட்காரவைத்துக் காகிதத்தில் வரைந்த புதிர்ப்பாதைகளைத் தீர்க்கச் சொன்னார்கள். சாதியைப் பற்றிப் பேச்சே எடுக்காதபோது இரு தரப்பும் சமமாகத் தீர்த்தார்கள். வேறு சில குழுக்களில், தொடங்கும் முன் ஒவ்வொரு சிறுவனின் பெயர், ஊர், தகப்பன் பெயர், சாதி ஆகியவற்றை எல்லோர் முன்னும் உரக்கப் படித்தார்கள். சரிதானா என்பதற்கு அவன் தலையசைக்கவேண்டும். அவ்வளவுதான். அந்தக் குழுக்களில் சமார் சிறுவர்கள் தீர்த்த புதிர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. 

அதே மூளை, அதே காகிதம், அதே கடிகாரம். மாறியது ஒரு சொல். ஹெரிக்கின் தலைப்பில் இருந்த அந்தச் சொல்லின் இன்னொரு வடிவம். கிளைன்பர்க் 1935-இல் பள்ளியின் பங்கைப் பிரித்துக் காட்டியதுபோல, இங்கே அறிவிப்பின் பங்கு பிரிந்து தெரிகிறது. வகுப்பறையில் உதவித்தொகைப் பட்டியலை உரக்கப் படித்து, எஸ்.சி. பிள்ளைகள் எழுந்து நில்லுங்கள் என்று சொல்லும் வழக்கம் எத்தனை பள்ளிகளில் இருந்தது, இருக்கிறது என்பதை இங்கே உட்கார்ந்திருப்பவர்களே கைதூக்கிச் சொல்லலாம். அது நிர்வாக வசதி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த நிமிடத்துக்குப் பின் வரும் கணக்குப் பாடத்தில் அந்தப் பிள்ளை எத்தனை கணக்கை இழக்கிறது என்று யாரும் எண்ணியதில்லை. எண்ண முடியும் என்று அந்த ஆய்வு காட்டியிருக்கிறது.

உளவியல் படிக்கும் மாணவர்களுக்கு இதில் வேலை இருக்கிறது. செகுயின் பலகை இன்றும் நம் மருத்துவமனைகளில் இருக்கிறது. காமத்தின் சோதனையும் இருக்கிறது. மனவளர்ச்சி குன்றிய பிள்ளைக்குச் சான்றிதழும் உதவித்தொகையும் கிடைக்க அவை பயன்படுகின்றன, அந்த வகையில் செகுயினும் பினேயும் விரும்பிய வேலைக்கே பாதி திரும்பியிருக்கின்றன. அவற்றை எரிக்கச் சொல்லவில்லை. அந்த மேசையின் மறுபக்கம், கடிகாரம் பிடிக்கும் நாற்காலியில், நம் பிள்ளைகள் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்கிறேன். லைப்சிக்கில் அந்த நாற்காலியும் இந்த நாற்காலியும் இடம் மாறிக்கொண்டே இருந்தன என்பதை முதலிலேயே சொன்னேன்.

ஹெரிக்கின் கட்டுரை நீளமானதல்ல, சில பக்கங்கள்தான். பயன்பாட்டு உளவியல் இதழின் ஐந்தாம் தொகுதி, 1921. அட்டவணைகளோடு அதை அப்படியே தமிழில் பெயர்த்து, அந்தச் சோதனையின் ஒவ்வொரு படிக்கும் எதிரே நம் குறிப்பை எழுதி, சிறுநூலாக இந்த அமைப்பே வெளியிடவேண்டும் என்பது என் வேண்டுகோள். ஆங்கிலமும் புள்ளியியலும் தெரிந்த மாணவர் இருவர் போதும். கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள்; உட்கார்ந்து பேசலாம்.